முப்பத்தொரு வீட்டில் ஒரே நாய்

இனிமேல் என் ஆயுளில் ஒரு வரியைக்கூட மனைவியிடம் எழுதி வாங்குவதில்லை என்று நான் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அந்த முடிவை அவளிடம் அறிவிக்க நல்ல வாக்கியம் ஒன்று தேவைப்பட்டது. அவளையே கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். ஆறாம் வகுப்புக்கு மொழிப்பாடம். என் மனைவி ஒரு பதிப்பகத்தில், அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை திருத்துகிறவள். ஊர் எழுத்தாளர்கள் செய்யும் பிழைகளெல்லாம் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துதான் உயிரை விடும். கையில் சிவப்புப் பேனா இல்லாமல் அவளை நான் பார்த்ததே குறைவு.

கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'நான் உன்னை காதலிக்கிறேன்' என்று ஒரே வரி. பதில் வரவில்லை. என் கடிதமே திரும்பி வந்தது. 'உன்னை'க்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு 'க்' போட்டு, ஓரத்தில், 'இங்கே ஒற்று மிகும். மற்றபடி சம்மதம்' என்று எழுதியிருந்தாள். ஒற்று மிகுந்தால்தான் ஒற்றுமை மிகும் என்பது அவளுடைய இலக்கணம். கட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எதற்கு நான் எழுத வேண்டும்? விடுப்புக் கடிதம், ஆண்டறிக்கை, வரவேற்புரை, நன்றியுரை எல்லாம் அவள் எழுதுவாள். நான் வாசிப்பேன். கைதட்டல் எனக்கு வரும். ஒன்பது வருஷம் இப்படிச் சுகமாகப் போனது.

திங்கட்கிழமை எங்கள் ஓவிய ஆசிரியருக்கு வழியனுப்பு விழா. மனைவியும் வந்திருந்தாள். அவள் எழுதிக் கொடுத்ததை வாசித்தேன். அரங்கமே அழுதது. ஓவிய ஆசிரியர் மேடைக்கு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் ஓய்வு பெறுவதை மறுபரிசீலனை செய்ய முடியுமா என்று கேட்டார். விழா முடிந்ததும் ஒரு மாணவியின் அம்மா எங்களிடம் வந்தார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு மென்மையான மனசுங்க. நீங்க குடுத்து வச்சவங்க" என்றார்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன். ஆனால் வேறு வார்த்தை.

"மனசிலே பட்டதைச் சொன்னேன், அவ்வளவுதாங்க."

வீட்டுக்கு வந்தோம். கதவைத் திறந்ததும் மனைவி கேட்டாள்.

"யார் மனசிலே பட்டது?"

"என்னது?"

"மனசிலே பட்டதைச் சொன்னேன்னு சொன்னீங்களே. அது யாரோட மனசு?"

"இதென்ன கேள்வி? உன் மனசும் என் மனசும் ஒண்ணுதானே."

"அப்ப உங்க கையும் என் கையும் ஒண்ணுதான். பாத்திரம் எல்லாம் கிடக்கு, தேச்சு வைங்க."

தேய்த்தேன். குக்கரின் அடிப்பகுதியில் என் முகம் தெரிந்தபோது, மறுநாள் காலையில் ஒரு பெரிய முடிவு எடுப்பது என்று தீர்மானித்தேன். ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"இனிமே உங்களுக்கு ஒரு வரி எழுதித் தர மாட்டேன்" என்றாள் காலையில்.

"நீ என்ன தர மாட்டேங்கறது? நான் வாங்க மாட்டேன்."

"நல்லது."

"நானே எழுதிக்கறேன்."

"ரொம்ப நல்லது."

இரண்டு வார்த்தையில் ஒரு சண்டையை முடிக்க அவளுக்குத்தான் வரும். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

அன்றைக்கே சோதனை வந்தது. 'எங்கள் வீட்டுச் செல்லப் பிராணி' என்று கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தேன். முப்பத்திரண்டு நோட்டு. திருத்த உட்கார்ந்தேன். முதல் நோட்டில் ஒரு நாய். பழுப்பு நிறம், இடது காதில் வெள்ளைப் புள்ளி. மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வாசலில் நின்றதாம். தூக்கி வந்து துவட்டினார்களாம். மனசு இளகி, பத்துக்கு எட்டு போட்டேன். இரண்டாவது நோட்டிலும் ஒரு பழுப்பு நாய். அதற்கும் இடது காதில் புள்ளி. அண்ணன் தம்பி போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாவது நோட்டிலும் அதே நாய், அதே வாசல், அதே துண்டு. ஏழாவது நோட்டுக்கு வருவதற்குள் அது ஏழு முறை நனைந்துவிட்டது. எனக்குத் தும்மல் வந்தது.

முப்பத்தொரு வீட்டில் ஒரே நாய். அதில் ஒரு பையன் குண்டு குண்டான கையெழுத்தில் நாயின் குணங்களையெல்லாம் எழுதி, கடைசி வரியாக, 'மேலும் படிக்க இங்கே அழுத்தவும்' என்று எழுதி அடிக்கோடும் இட்டிருந்தான். பொய் சொல்லக் கூடாது, நான் அழுத்திப் பார்த்தேன்.

முப்பத்திரண்டாவது நோட்டு மட்டும் வித்தியாசமாக இருந்தது. அவன் வீட்டில் உண்மையாகவே ஒரு மீன் வளர்க்கிறார்கள். வகுப்பில் அவனுக்குப் பெயரே மீன்காரன்தான். பயல் நேர்மையாக 'நாய்' என்று வந்த இடத்திலெல்லாம் 'மீன்' என்று மாற்றியிருந்தான். 'எங்கள் மீன் மழையில் நனைந்து நடுங்கியபடி வந்தது. நான் பள்ளி விட்டு வந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வாசல்வரை ஓடிவந்து என் முகத்தை நக்கும். புதியவர்களைக் கண்டால் குரைக்கும்.'

நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். அவர் பத்து நோட்டைப் புரட்டினார்.

"என்ன சார் இது?"

"நாய் மேடம்."

"தெரியுது. எத்தனை நாய்?"

"நாய் ஒண்ணுதான் மேடம். வீடுதான் முப்பத்தொண்ணு."

அவர் சிரிக்கவில்லை. "பசங்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை சார். அடுத்தவங்க எழுத்தை எடுத்துத் தன் பேரைப் போட்டுக்கறது தப்புன்னே அவங்களுக்குத் தெரியலை. பென்சிலை எடுத்தா திருட்டுன்னு தெரியுது. பத்தியை எடுத்தா தெரியலை. மனசிலே உறைக்கற மாதிரி யாராவது எடுத்துச் சொல்லணும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வச்சுக்கலாம். பெத்தவங்களையும் வரச் சொல்றேன். நீங்கதான் பேசறீங்க."

"நானா மேடம்?"

"நேத்து எல்லாரையும் அழ வச்சீங்களே, உங்களை விட்டா யாரு? ஒண்ணே ஒண்ணு. சொந்தமா எழுதிக்கொண்டு வாங்க. தலைப்பு அப்படிப்பட்டது, பாருங்க."

அவர் மேஜையில் வருகைப் பதிவேடு திறந்திருந்தது. அதன் தலைப்பில், போன மாதம் நான் என் கைப்பட எழுதிய 'வறுகை' என்ற சொல் இருந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என்னை வறுத்த மாதிரியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எழுத உட்கார்ந்தேன். 'அன்பார்ந்த மாணவ மணிகளே' என்று எழுதினேன். மளமளவென்று வந்தது. அதற்குமேல் வரவில்லை. பென்சிலைச் சீவினேன். ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று சாத்தினேன். மனைவி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து யாரோ ஒருவருடைய நானூறு பக்க நாவலைச் சரசரவென்று சிவப்பாக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

புதன்கிழமை 'மாணவ மணிகளே' என்பதை அடித்துவிட்டு 'மாணவச் செல்வங்களே' என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு மறுபடியும் 'மணிகளே' ஆக்கினேன். அன்றைய வேலை முடிந்தது.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வரும்போது, பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, வயிற்றுவலியா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கு ஏன் சார் கஷ்டப்படறீங்க? போன்ல தேடினா ஆயிரம் பேச்சு வருமே."

"எழுத்தைத் திருடாதீங்கன்னு பேசறதுக்கு, எழுத்தைத் திருடிக்கிட்டுப் போறதா?"

"நான் விக்கற மருந்தை நானா செய்யறேன்? எங்கேயோ ஒருத்தன் செய்யறான், நான் எடுத்துக் குடுக்கறேன். நோய் தீருதா இல்லையா?"

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு நியாயம் இருக்கிற மாதிரி இருந்தது. யோசிக்காமல் பார்த்தால் இன்னும் நன்றாக இருந்தது. உள்ளே போய்ப் போனை எடுத்து, 'எழுத்துத் திருட்டு கூடாது, சொந்தமாக எழுதிய பேச்சு' என்று தேடினேன். போன் 'திருட்டு' என்ற சொல்லை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பூட்டு விளம்பரம் பதினாறு வந்தது. ஒரே ஒரு பேச்சு கிடைத்தது. 'அன்பார்ந்த மாணவ மணிகளே' என்று தொடங்கியது. அதுவரைதான் இலவசம்.

அந்த நேரத்தில் மனைவி வெளியே கிளம்பினாள்.

"ஏங்க, நான் பதிப்பகத்துக்குப் போயி இந்த நாவலைக் குடுத்துட்டு ஆறு மணிக்கு வந்துடறேன். மேஜை மேல ஒரு நீல ஃபைல் இருக்கு. அதைத் தொடாதீங்க."

"நான் எதுக்குத் தொடறேன்?"

"தொட மாட்டீங்க. இருந்தாலும் சொன்னேன்."

"அப்படி என்ன அதிலே?"

"ஒண்ணுமில்லை. அடுத்தவங்க எழுத்தை எடுக்கக் கூடாதுன்னு ஒரு சின்னப் பேச்சு. பத்துப் பன்னிரண்டு வயசுப் பசங்களுக்குப் புரியற மாதிரி. நாலே நாலு பத்தி. ஒருத்தருக்காக எழுதி வச்சிருக்கேன். கதவைச் சாத்திக்கங்க."

புத்தியுள்ளவனுக்கு இந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். எனக்குச் சந்தோஷம் வந்தது. என்ன பொருத்தம் பாருங்கள், உலகத்தில் இன்னொரு வாத்தியாருக்கும் இதே சங்கடம் வந்திருக்கிறது, அவரும் இவளிடமே வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஆள்மேல் கொஞ்சம் ஏளனமும் வந்தது. சொந்தமாக எழுதத் தெரியாதவரெல்லாம் எதற்கு வாத்தியார் வேலைக்கு வருகிறார்கள்?

ஃபைலைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். மனைவி சொல்லைத் தட்டும் வழக்கம் எனக்கு இல்லை. அடிஸ்கேலை எடுத்துவந்து அதன் நுனியால் ஃபைலைத் திறந்தேன். பக்கத்தையும் ஸ்கேலால்தான் புரட்டினேன். விரல்கூடப் படவில்லை.

பிரமாதமான பேச்சு. ஒவ்வொரு பத்தியும் கணீரென்று தொடங்கியது. நாலாவது பத்தி மட்டும் 'மனைவி, மக்கள்' என்று தொடங்கியது. ஆறாம் வகுப்புக்கு எதற்கு மனைவி என்று ஒரு நிமிடம் தோன்றியது. பெரிய எழுத்துக்காரர்களுடைய நடை அப்படித்தான் இருக்கும், நாம் கைவைக்கக் கூடாது என்று அப்படியே எழுதிக்கொண்டேன். ஆனாலும் முழுக்க முழுக்கப் பார்த்து எழுதினால் அது சொந்த எழுத்து ஆகாதில்லையா? அதனால் 'பேனா' என்று வந்த இடத்திலெல்லாம் 'எழுதுகோல்' என்று மாற்றினேன். 'பள்ளிக்கூடம்' என்பதைப் 'பள்ளி' ஆக்கினேன். மேலே என் 'அன்பார்ந்த மாணவ மணிகளே'யைப் போட்டேன். இப்போது அது என் பேச்சு. மீன்காரனுடைய ஞாபகம் ஏனோ அந்த நேரத்தில் வரவில்லை.

ஸ்கேலால் ஃபைலை மூடி, கோணம் பார்த்து நேராக்கிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. தாளைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டேன்.

"காப்பி ஆச்சா?" என்றாள்.

"எ... எது?"

"காப்பிங்க. ஃபிளாஸ்க்கிலே போட்டு வச்சுட்டுப் போனேனே. குடிச்சாச்சா?"

"ஓ, அதுவா. குடிச்சேன். நல்லா இருந்தது."

"சர்க்கரை போட மறந்துட்டேன்."

"அதான் பார்த்தேன். இயற்கையா இருந்தது."

அவள் ஃபிளாஸ்க்கைத் தூக்கி ஆட்டினாள். தளும்பத் தளும்ப இருந்தது. எனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். சர்க்கரை சரியாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். கரும்பலகையில் தலைப்பை நானே எழுதினேன்: 'எழுத்து திருட்டு'. முன்வரிசைகளில் முப்பத்திரண்டு பிள்ளைகள். பின்னால் பெற்றோர்கள், பிள்ளைகளுடைய பெஞ்சில் முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். திங்கட்கிழமை பாராட்டிய அந்த அம்மாவும் கைக்குட்டையோடு வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் என் மனைவி.

"உங்க வீட்டுக்காரம்மாவையும் வரச் சொன்னேன் சார்" என்றார் தலைமையாசிரியை. "நீங்க பேசறதை அவங்களும் கேக்கணுமில்லையா?"

ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். ஆனால் தாள் கையில் இருந்தது, ஆட்கள் வந்தாயிற்று, வேறு பேச்சு கிடையாது. இது அவள் ஃபைலில் இருந்ததுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். நாலு பேர் முன்னால் காட்டிக்கொடுக்க மாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் இல்லை, பாத்திரம் தேய்ப்பதோடு போய்விடும் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

"நோட்டை எடுங்க" என்றேன் பிள்ளைகளிடம். "வழக்கம்போல ஒவ்வொரு பத்திக்கும் முதல் வார்த்தையை மட்டும் குறிச்சுக்கங்க. அதைப் பார்த்தா மீதியெல்லாம் தானா ஞாபகம் வரும்."

இது என் வகுப்பில் பிரசித்தமான முறை. மற்ற ஆசிரியர்கள்கூட என்னைப் பார்த்துப் பின்பற்றுகிறார்கள். கண்டுபிடித்தவள் என் மனைவி. இதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

வாசித்தேன். "அன்பார்ந்த மாணவ மணிகளே. இதை நான் கோபத்தோடு சொல்லவில்லை, வருத்தத்தோடு சொல்கிறேன்."

குரல் நன்றாக வந்தது. நேர்மையைப் பற்றி, உழைப்பைப் பற்றி, சொந்தமாக எழுதிய ஒரு தப்பான வரி திருடிய பத்துச் சரியான வரியைவிட உயர்ந்தது என்பதைப் பற்றிச் சொன்னேன். இரண்டாவது பத்தி: "எழுதியது ஒருவர், கைதட்டல் வாங்குவது இன்னொருவர் என்றால், அந்தக் கைதட்டல் வாங்குகிறவர் காதில் எப்படி ஒலிக்கும்?" பெற்றோர்கள் தலையாட்டினார்கள். கைக்குட்டை அம்மா தயாரானார். மூன்றாவது: "என் எழுதுகோலை எடுத்தால் திருட்டு. என் எண்ணத்தை எடுத்தால் மட்டும் திறமையா? தெரியாமல் எடுத்தால் தவறு. தெரிந்தே எடுத்தால் திருட்டு." கடைசியாக: "மனைவி, மக்கள், நண்பர்கள் என்று யார் உதவினாலும், இது இன்னாருடைய உதவி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது திருட்டு ஆகாது. அதற்குப் பெயர் மரியாதை."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. தலைமையாசிரியை, யாருக்காவது கேள்வி உண்டா என்றார். முன்பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு வகுப்பில் 'கேள்விக்குறி' என்று பெயர். சரித்திரத்தில் அவள் கை கீழே இருந்த நாள் கிடையாது.

"சார், நீங்க சொன்ன மாதிரி நாலு பத்திக்கும் முதல் வார்த்தையைக் குறிச்சேன் சார்."

"நல்ல பிள்ளை."

"அன்பார்ந்த மாணவ மணிகளேயை விட்டுட்டேன் சார். அது எல்லாரும் சொல்றதுதானே."

"பரவாயில்லை."

"சேத்துப் படிச்சா ஒரு வாக்கியம் வருது சார்."

"அப்படியா? எங்கே, எல்லாருக்கும் கேக்கற மாதிரி படி."

அவள் எழுந்து நின்று, பாடப்புத்தகம் படிக்கிற குரலில் படித்தாள்.

"இதை. எழுதியது. என். மனைவி."

மற்ற முப்பத்தொரு பேரும் அவரவர் நோட்டைப் பார்த்தார்கள். எல்லா நோட்டிலும் அதேதான் இருந்தது. இந்தத் தடவை பார்த்து எழுதவில்லை, அவரவர் காதால் கேட்டு எழுதியது.

"அது வந்து..." என்றேன். "உங்களுக்குப் புரிய வைக்கணும்னு வேணும்னேதான் அப்படிச் செஞ்சேன்."

கேள்விக்குறி உட்காரவில்லை. "தெரிஞ்சே செஞ்சீங்களா சார்?"

"ஆமா. தெரிஞ்சேதான்."

"தெரிஞ்சே எடுத்தா திருட்டுன்னு மூணாவது பத்தியிலே சொன்னீங்களே சார்."

பின்பெஞ்சில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். வெற்றிச் சிரிப்போடு இருப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. மடியில் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலில் சிவப்பு மை. திங்கட்கிழமையும் அவள் இப்படித்தான் குனிந்து நின்றிருப்பாள், நான்தான் பார்க்கவில்லை என்று அப்போது உறைத்தது.

"வேணும்னு செய்யலைப்பா" என்றேன். "எனக்கு எழுத வரலை. மூணு நாள் உக்காந்தேன், மூணு வார்த்தை வந்தது. நேத்து அவங்க இல்லாதப்போ ஃபைலைத் திறந்து பார்த்து எழுதினேன். ஓவிய சாருக்குப் பேசினதும் அவங்க எழுதினதுதான். இந்த முதல் வார்த்தை குறிக்கற முறையும் அவங்க சொன்னதுதான். ஒன்பது வருஷமா நான் இதை யார்கிட்டேயும் சொன்னதில்லை. தப்பு."

கைக்குட்டை அம்மா என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து மறுபடியும் முதலிலிருந்து கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். பிள்ளைகள் பெஞ்சையும் தட்டினார்கள்.

மனைவி எழுந்து முன்னால் வந்தாள். பேசப்போகிறாள் என்று நினைத்தோம். அவள் சாக்பீசை எடுத்து, கரும்பலகையில் 'எழுத்து'க்கும் 'திருட்டு'க்கும் நடுவில் ஒரு 'த்' போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியை தீர்ப்பு சொன்னார். "எல்லாரும் திங்கட்கிழமைக்குள்ளே செல்லப் பிராணிக் கட்டுரையைத் திருப்பி எழுதணும். அரைப் பக்கம் போதும். உங்க வார்த்தையிலே."

கேள்விக்குறி கேட்டாள். "சாருக்கு மேடம்?"

"சாருக்கும் அதேதான்."

மீன்காரன் மெதுவாக எழுந்தான். "மேடம், எங்க மீன் ஒண்ணுமே பண்ணாது. சும்மா என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கும். அதை எப்படி அரைப் பக்கம் எழுதறது?"

என் மனைவிதான் பின்னாலிருந்து பதில் சொன்னாள். "அதையே எழுதுப்பா. அது பார்க்கறப்போ உனக்கு எப்படி இருக்கும்னு எழுது."

அவன் அப்போதே உதட்டைக் குவித்து யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.

வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு தெரு தாண்டினோம். மூன்றாவது தெருவில் கேட்டேன்.

"ஒருத்தருக்காக எழுதி வச்சிருக்கேன்னு சொன்னியே. அது யாரு?"

"நீங்கதான்."

"நான்தான்னா நேரா எங்கிட்டேயே குடுத்திருக்கலாமே."

"குடுத்தா வாங்க மாட்டேன்னு சபதம் எடுத்தீங்களே. தொடாதீங்கன்னு சொன்னாத்தானே தொடுவீங்க."

"நான் தொடலை. ஸ்கேலாலேதான் திறந்தேன்."

"தெரியும். ஃபைல் மேல அடிஸ்கேலை வச்சுட்டுப் போயிட்டீங்க."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம்.

"தலைமையாசிரியைக்கும் தெரியுமா?"

"அவங்கதான் செவ்வாய்க்கிழமையே போன் பண்ணினாங்க. உங்க விடுப்புக் கடிதத்தையும் பதிவேட்டையும் பக்கத்துலே வச்சுப் பார்த்தா யாருக்கும் தெரிஞ்சிடுமாம். பசங்களுக்கு வெறும் வாயாலே சொன்னா ஏறாது, கண்ணெதிரே ஒரு திருட்டு நடந்து பிடிபடணும், அதுக்கு நம்பகமான ஆள் ஒருத்தர் வேணும்னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"வீட்டிலேயே இருக்காருன்னு சொன்னேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். பல வருஷத்துக்குப் பிறகு, ஒரு கூட்டம் முடிந்து சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறவளாக இருந்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எழுதினேன். அவள் ஒரு வரிகூடப் பார்க்க மறுத்துவிட்டாள். "என் கண்ணிலேயே காட்டாதீங்க. பிழையிருந்தா உங்க பிழையா இருக்கட்டும்" என்றாள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஒற்றையும் குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அதனதன் இடத்தில் போட்டேன். வறுகையா வருகையா என்று பதினைந்து நிமிடம் பார்த்தேன். எங்கள் வீட்டில் நாய், பூனை எதுவும் கிடையாது. அதனால் இருப்பதை எழுதினேன்.

'எங்கள் வீட்டில் செல்லப் பிராணி கிடையாது. நான் இருக்கிறேன். கூப்பிட்டால் வருவேன். வேளாவேளைக்குச் சாப்பிடுவேன். தொடாதே என்று சொன்னதை மட்டும் தொடுவேன். ஒன்பது வருஷமாக ஒருத்தி என்னைப் பொறுமையாக வளர்த்து வருகிறாள். வெளியில் அழைத்துப் போனால் எல்லோரும் என்னைத்தான் தடவிக்கொடுப்பார்கள். வளர்த்தவளை யாரும் பார்ப்பதில்லை. நானும் காட்டியதில்லை.' இப்படி அரைப் பக்கம். எழுதி முடித்து நானே இரண்டு முறை படித்தேன். எழுதுவது என்றால் இதுதானா என்று இருந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகளுடைய நோட்டுகள் வந்தன. பாதிப் பேர் வீட்டில் பிராணியே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருத்தி சமையலறை எறும்பு வரிசையைப் பற்றி எழுதியிருந்தாள். கேள்விக்குறியின் கட்டுரையில் பதினொரு கேள்விகள் இருந்தன. மீன்காரன், 'எங்கள் மீன் என்னைப் பார்க்கும். நான் அழுதால்கூட அது யாரிடமும் சொல்லாது' என்று எழுதியிருந்தான். அந்த இரண்டு வரிக்கே பத்துக்குப் பத்து போட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலே என் அரைப் பக்கத்தை வைத்து, நிமிர்ந்த நடையோடு தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஒரு இடத்தில் சிரித்தார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப அழகா இருக்கு சார். ஒரு பிழைகூட இல்லை. வீட்டிலே அவங்ககிட்டே என் பாராட்டைச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன்.

அவள் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்காமலே, "நான் நன்றி சொன்னேன்னு சொல்லிடுங்க" என்றாள்.